மடைக்கரை டீமில் முதலிடம் யாருக்கு?

காய்ந்த கண்மாய்க்கு ஒரு வாடை உண்டு. தண்ணீர் வற்றி, சேறு இறுகி, பாசி படர்ந்த இடமெல்லாம் அப்பளம்போல் உரிந்து சுருண்டுகொள்ளும் மாசி மாதத்தில், வெயில் ஏறியதும் மீனும் மண்ணும் கோரைப்புல்லும் கலந்த அந்த வாடை கரையேறி ஊருக்குள் வந்துவிடும். அது வந்ததும் பெரியவர்கள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள், இனி மழை வரும்வரை தண்ணீருக்கு என்ன செய்வது என்று. எனக்கு மட்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷம் தாங்காது. கண்மாய் காய்ந்தால்தான் மடைக்கரை டீம் பந்து விளையாட முடியும்.

எங்கள் ஊர் பரளச்சிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருக்கிறது. வானத்தை நம்பிப் பருத்தி போடுவோம், கம்பு போடுவோம், மிச்ச நாளைக்குக் கூலி வேலை. இப்படிப்பட்ட ஊருக்குக் கால்பந்து எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாதா கோயிலுக்கு வந்துபோன சாமியார் ஒருவர் முதல் பந்தை வாங்கிக்கொடுத்தார் என்பது நான் நம்பும் கதை. எப்படியோ வந்தது. வந்த பந்துக்கு இடம் வேண்டும், முள்ளும் வரப்பும் இல்லாத பெரிய இடம் என்றால் ஊரில் கண்மாய் ஒன்றுதான். மற்ற ஊர்களில் மழை பெய்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுநாள் ஆடுவார்கள், எங்களுக்கோ மழை பெய்தால் மைதானமே நாலைந்து மாதத்துக்குத் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே மாசியில் தொடங்கி ஆவணிக் கடைசியில் முடிவதுதான் எங்கள் “சீசன்”.

தொடங்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து நத்தைக்கூடு பொறுக்குவார்கள். வெறுங்காலில் ஓடுகிறவர்களுக்கு அது கண்ணாடிச் சில்லைவிட மோசம். பொறுக்கியதைச் சாக்கில் கட்டிக் கரைக்கு அந்தப்பக்கம் கொட்டியதும் சீசன் தொடங்கிவிட்டதாக அர்த்தம். இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் வழக்குக்கு அது தேவைப்படும். கண்மாய்த் தரை மடையைப் பார்த்துச் சரிந்திருக்கும். மடைப் பக்கத்தில் இருக்கும் கோலை நோக்கி அடித்தால் பந்து தானாகவே உருண்டு போகும், அதற்குப் பெயர் “பள்ளத்து கோல்”. எதிர்ப்பக்கம் ஏற்றத்தில் அடித்துப் போடுவது “மேட்டு கோல்”. ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் என்றாலும், கரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒரு மேட்டு கோல் இரண்டு பள்ளத்து கோலுக்குச் சமம்.

இதையெல்லாம் பேச நீ யார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், சமீபத்தில் கேட்டும்விட்டார்கள். நான் ஒருமுறைகூடப் பந்தை உதைத்தவள் இல்லை. ஆனால் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டு ஆடு பதினொன்றையும் ஓட்டிக்கொண்டு அந்தக் கண்மாய்க்குத்தான் போனேன். ஆடு மேயும், நான் கரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பேன். நல்ல ஆட்டம் நடந்த அன்றைக்கு ஆடுகள் பாதி வயிறோடுதான் வீடு திரும்பும். “ஆடு மேய்க்கப் போனியா, பந்து மேய்க்கப் போனியா?” என்று என் அய்யா கேட்காத நாள் குறைவு. ஆட்டக்காரர்களுக்கு வேலை வந்தால் ஆட்டத்துக்கு வரமாட்டார்கள், ஊர்க்காரர்களுக்கு வேறு சோலி இருக்கும். ஆடுகளுக்கு ஏது லீவு? எனவே மடைக்கரை டீமின் ஆட்டங்களை என்னைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இல்லை, ஆடுகளைத் தவிர.

போன மாதம் என் தம்பி என்னையும் “மடைக்கரை டீம்” என்ற வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டான். அருப்புக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு, மிஷினை மிதித்துக்கொண்டே சண்டை பார்க்க நல்ல வசதி. ஊர்ப் பொங்கலுக்குப் பழைய ஆட்டக்காரர்களின் படத்தைப் போட்டு பிளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம், நடுவில் பெரிய படம் யாருக்கு, ஓரத்தில் சின்னப் படம் யாருக்கு என்பதில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. பந்து விளையாட்டையே பார்த்திராத பையன்கள் எல்லாம் வரிசை போட்டிருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துமுடித்த கையோடு, என் வரிசையைப் போட்டுவிட்டேன்.

நான் நான்கு பேரைத்தான் சொல்வேன். ஐந்தாவது என்று ஒருவரைச் சொன்னால் மிச்சமுள்ள ஆறு வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், எனக்கு ஊருக்குள் போய்வர வேண்டும்.

நான்காம் இடம் முனியாண்டி அண்ணன். லாரியில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்ததால் “லோடு” என்று பெயர். அவரை வந்து இடித்தவன்தான் விழுவான், அவர் என்ன இடித்தது என்று திரும்பிப் பார்ப்பார். உதை என்றால் உதை, ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஒருநாள் அவர் உதைத்த பந்து கரையைத் தாண்டி, ரோட்டில் போன பஸ்ஸின் கூரையில் கட்டியிருந்த சாமான்களுக்கு நடுவில் விழுந்து, திருச்சுழி போய்விட்டது. சாயங்கால டிரிப்பில் கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கி, “யாருய்யா டிக்கெட் எடுக்காம ஏத்திவிட்டது?” என்று கேட்டார். முனியாண்டி அண்ணன் இப்போது இல்லை. இருந்திருந்தால் மூன்றாம் இடம் கேட்டுச் சண்டை போட்டிருப்பார், நான் கொடுத்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் மூன்றாம் இடம் கோல்கீப்பர் லூர்து அண்ணனுக்கு. வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையில் பாய்ந்து விழுவது சாதாரணமில்லை. அவருடைய இரண்டு முழங்கையிலும் சீசன் முடிகிறவரை பொருக்கு உதிராது. பள்ளத்து கோலில் நிற்கும்போதுகூட அவரைத் தாண்டிப் பந்து போனது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதைவிடப் பெரிய விஷயம், அவருக்குப் பொய் வராது. ரெட்டியபட்டிப் பக்கத்து டீமோடு ஆடியபோது, பந்து கோட்டைத் தாண்டவில்லை என்று ரெப்ரியே சொன்ன பிறகு, “இல்ல சார், தாண்டிருச்சு, நாந்தான் இழுத்துட்டேன்” என்று தானே போய்ச் சொல்லி எங்களைத் தோற்க வைத்தார். ஒரு வாரம் ஊரே அவரைத் திட்டியது. அதன்பிறகு எண்ணுகிற வேலை, பிரிக்கிற வேலை எதுவானாலும் அவரிடம்தான் கொடுத்தார்கள்.

இனி மிச்சமிருப்பது இருவர். சண்டையே அங்கேதான்.

தவசி அண்ணன் எங்கள் ஊர்க்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் பந்தோடு ஓடினால் கரையில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து கூடவே ஓடுவார்கள். கோல் போட்டுவிட்டால் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு நேரே கரைக்கு வருவார், கிழவர்களின் துண்டையெல்லாம் பிடுங்கி வானத்தில் எறிவார். டீமிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கமால் அண்ணன் எங்கள் ஊர் இல்லை, வீரசோழன். அங்கே அவருடைய அத்தாவுக்கு ஜவுளிக்கடை. பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் மிதித்து வருவார், ஆட்டம் முடிந்ததும் இருட்டுவதற்குள் கடைக்குத் திரும்பிவிடுவார். ஆறு சீசன் அப்படி வந்தார். அதிகம் ஓடமாட்டார், சத்தம் போடமாட்டார். பார்க்கத் தெரியாதவர்களுக்கு அவர் சும்மா நிற்பதாகத்தான் தோன்றும்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்தவள் நான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், மற்றவர்கள் வேட்டியை அவிழ்த்து டவுசரை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, கமால் அண்ணன் தலையைக் குனிந்தபடி கண்மாய் முழுவதும் ஒரு நடை நடப்பார். கரிசல் தரையின் வெடிப்பு வாரத்துக்கு வாரம் மாறும், போன வாரம் விரல்கட்டை அகலம் இருந்தது இந்த வாரம் பாதம் புதையும். எந்த வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மனதில் வாங்கிக்கொள்வார். ஆட்டத்தில் மற்றவர்களின் பந்து வெடிப்பில் பட்டு எங்கேயோ தாவும். இவர் வேண்டுமென்றே வெடிப்பின் விளிம்பில் பந்தைத் தட்டுவார், அது திரும்பிச் சரியாகத் தவசி அண்ணனின் காலுக்குப் போகும். எதிர்டீம்காரன் மண்ணைத் திட்டுவான். தவசி அண்ணன் போட்ட கோல்களில் பாதிக்குமேல் இப்படி வந்தவைதான், துண்டு பறந்ததெல்லாம் தவசி அண்ணனுக்கு. இருவருக்கும் அதில் ஒரு பிணக்கும் இருந்ததில்லை. ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள், ஒருவர் கால் முள்ளை மற்றவர் எடுத்துவிடுவார்.

கமால் அண்ணன் தானாகவே போட்ட கோல்கள் குறைவு, ஆனால் அதில் பெரும்பகுதி மேட்டு கோல். நான் எழுந்து நின்று கை தட்டுவது அதற்கு மட்டும்தான். “ஏ பேச்சி, பள்ளத்து கோலுக்கும் ஒரு தட்டு தட்டுனா என்ன கொறஞ்சா போயிருவ?” என்று தவசி அண்ணன் கீழே இருந்து கத்துவார். நான் தட்டமாட்டேன்.

சீசனின் கடைசி ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் ஓட்டு நடக்கும். எனக்குத் தெரிந்து இப்படியொரு ஓட்டு வேறெங்கும் இல்லை. மடைக்குப் பின்னால், சுவர் மறைப்பில், பதினொரு மண்சட்டிகளை வரிசையாக வைப்பார்கள். கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களில் எழுத்துத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால் பெயர் எழுதுவதில்லை, ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பொருள் ஒன்றைத் தன் சட்டிக்கு முன்னால் வைக்க வேண்டும். தவசி அண்ணன் துண்டு வைப்பார், லூர்து அண்ணன் ஜெபமாலை, கமால் அண்ணன் சைக்கிள் சாவி. ஆண், பெண், கிழவர், குழந்தை என்று வந்தவர்கள் எல்லோருக்கும், ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து, ஆளுக்கு மூன்று பருத்திக்கொட்டையை லூர்து அண்ணன் கையில் எண்ணிக்கொடுப்பார். ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய், மூன்றையும் ஒரே சட்டியிலும் போடலாம், பிரித்தும் போடலாம். அதிகம் விழுந்தவரின் பெயரை மடைச்சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதுவார்கள். தண்ணீர் வந்து அழிக்கும்வரை அது இருக்கும்.

அதுவரை எல்லா வருஷமும் தவசி அண்ணன் பெயர்தான். கமால் அண்ணன் ஒவ்வொரு தடவையும் நாலைந்து கொட்டை வித்தியாசத்தில் இரண்டாவதாக வருவார். என் பதினோராவது வயதில் வந்த அந்த ஆவணியில் அவருக்குச் சவூதி விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் பயணம், இனி கண்மாய்க்கு வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசி ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து நடந்து வந்தவர், கரையோரம் என் பக்கத்தில் நின்று, “இந்த வருசமாவது எம் பேர எழுதுவாகளா பேச்சி?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் மடைச்சுவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. “ஒங்க பேருதாண்ணே” என்றேன். எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. அன்று அவர் இரண்டு மேட்டு கோல் வேறு போட்டார்.

நான் என் மூன்று கொட்டையையும் சாவிக்குப் பின்னால் இருந்த சட்டியில் போட்டேன். உள்ளே பார்க்கக்கூடாது என்பது விதி, பார்க்கவில்லை. போட்டுவிட்டு வந்து கரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த கடலையைத் தின்றுகொண்டு, எல்லோரும் போட்டு முடிக்கக் காத்திருந்தேன். கடைசி ஆளும் போட்டு வந்த பிறகு கொஞ்சநேரம் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆடுகளை எண்ணினேன். பத்துதான் இருந்தது. செவலையைக் காணோம்.

கரையோரம் எங்கேயும் இல்லை. ஓடிப்போய் மறைப்புக்குள் பார்த்தால், செவலை சைக்கிள் சாவியை மிதித்துக்கொண்டு கமால் அண்ணனின் சட்டிக்குள் முகத்தை விட்டிருக்கிறது. வரிசையின் நடுவில் இருந்த சட்டி அது. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, எதையும் தொடாமல் நேரே அதற்குப் போயிருக்கிறது. இழுத்தேன். வரவில்லை. காதைப் பிடித்துத் திருகி இழுத்தபோது தலையைத் தூக்கி, அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. சட்டியின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

பருத்திக்கொட்டை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைக்கிற தீனி என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையே ஓட்டாக வைத்துவிட்டு, ஆடு மேயும் கண்மாயில், மூடியில்லாத சட்டியில் போட்டு வைத்தார்களே, அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே என்று பிற்பாடு பலமுறை மற்றவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். என் தப்பைக் குறைத்துக்கொள்ளத்தான். அன்று நான் அந்த இடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். மறுபடியும் ஆளுக்கு மூன்று கொடுத்து ஓட்டுப் போட்டிருப்பார்கள், கால் மணி நேர வேலை. நான் கத்தவில்லை. சினை ஆடு, அய்யாவுக்குத் தெரிந்தால் எனக்கு விழும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் என் நம்பிக்கை. கமால் அண்ணனுக்கு எக்கச்சக்கமாக விழுந்திருக்கும், செவலை தின்றது போக மிச்சமிருப்பதே ஜெயிக்கப் போதும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். சட்டியை நேராக வைத்து, சாவியைத் துடைத்து அதன் முன்னால் வைத்துவிட்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

லூர்து அண்ணன் எண்ணினார். தவசி அண்ணனின் சட்டியை எண்ணி முடிக்க நேரமாயிற்று. கமால் அண்ணனின் சட்டியைக் கவிழ்த்ததும் உள்ளங்கை நிறையவில்லை. “ஒம்போது” என்றார். தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார், அப்போதும் ஒன்பதுதான். முனியாண்டி அண்ணனுக்குக்கூடப் பதினாறு விழுந்திருந்தது.  கமால் அண்ணன் குனிந்து சாவியை எடுத்துக்கொண்டு, “சொந்த ஊர்க்காரனுக்குத்தான போடுவாக. அதுல தப்பு ஒன்னுமில்ல” என்றார். தவசி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தவசி அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையேறிய கமால் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு சீசன் வெயிலில் மிதித்து வந்த மனிதர், இந்த ஊர் தன்னைக் கடைசிவரை வெளியூர்க்காரனாகவே வைத்துவிட்டது என்ற நினைப்போடு போகிறார் என்பது பதினோரு வயதுப் பிள்ளையான எனக்கே புரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் செவலைக்கு வயிறு உப்பிக்கொண்டது. “என்னத்தத் தின்னு தொலைச்சுச்சோ” என்று அய்யா ஓமத்தண்ணீர் காய்ச்சி ஊற்றினார். என்னத்தைத் தின்றது என்று தெரிந்த ஒரே ஆளான நான் பக்கத்தில் நின்று அதன் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எத்தனையோ முறை சொல்ல நினைத்தேன். கமால் அண்ணன் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்படும்போதெல்லாம் நினைப்பேன். நாளாக நாளாக ஒரு விஷயத்தைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போகும் என்பதைத் தவிர அதற்குச் சமாதானம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆகவே நான் குரூப்பில் போட்ட வரிசையில் முதலிடம் கமால், இரண்டாமிடம் தவசி. போட்ட அஞ்சாவது நிமிஷம் லூர்து அண்ணனின் குரல் வந்தது. “தாயி, கமால் நல்ல ஆட்டக்காரருதான், நான் இல்லங்கல. ஆனா கடைசி ஓட்டுல அவரு மூணாவதுக்கும் கீழ போயிட்டாரு. எண்ணுனது நானு. எண்ணுனத நான் மாத்திச் சொல்லமாட்டேன்.” பொய் வராத மனிதர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறு வழி இல்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனைக் கையில் எடுத்து, செவலை செய்ததையும் நான் செய்யாததையும் ஒரே மூச்சில் பேசி அனுப்பிவிட்டேன். கூடவே என் வாதத்தையும் சேர்த்துச் சொன்னேன். பத்துச் சட்டியை விட்டுவிட்டு ஒரு சட்டியில் ஆடு வாய் வைக்கிறது என்றால் எதில் அதிகம் இருந்ததோ அதில்தானே வைக்கும்? செவலைக்குப் பந்து தெரியாது, கொட்டை தெரியும். அன்று முதலிடம் கமால் அண்ணனுக்குத்தான்.

 குரூப்பில் பையன்கள் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினார்கள். லூர்து அண்ணன், “நான் சரியாத்தான் எண்ணுனேன். சட்டிதான் சரியில்ல போலுக்கு” என்று மட்டும் சொன்னார். தவசி அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. முப்பத்தைந்து வருஷமாக ஊர் அவரைத்தான் முதல் ஆட்டக்காரர் என்று சொல்லிவந்திருக்கிறது. அறுபதைத் தொடப்போகிற வயதில் அதை ஒரு ஆட்டை வைத்துப் பிடுங்கிவிட்டேனே என்று அன்றைக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய ஷேர் ஆட்டோ என் கடை முன்னால் வந்து நின்றது. ரெட்டியபட்டி ரூட்டில் ஓட்டுகிறார். உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இவர் இறங்கி வந்து கடைவாசலில் நின்றார்.

“ஏ பேச்சி, நெசமாவா?”

“நெசந்தாண்ணே. ஒங்களுக்கு வருத்தமா இருந்தா…”

“எம்புட்டுத் தின்னுச்சு?”

“தெரியலண்ணே. நான் போகையில அடியிலதான் கொஞ்சம் கெடந்துச்சு.”

தவசி அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்குத்தான் துடைக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

“இத்தன வருசமா ஒரு கணக்கு எனக்கு ஒதைச்சுக்கிட்டே இருந்துச்சு,” என்றார். “அந்த ஒம்போதுல மூணு நான் போட்டது.”

“நீங்களா?”

“பெறகு? அவன் கொடுத்த பந்தத்தான நான் அடிச்சேன். எனக்குத் தெரியாதா யாரு ஆட்டக்காரன்னு? வருசா வருசம் அவனுக்குத்தான் போட்டேன். அன்னைக்கு ஒம்போதுன்னதும், என்னோட மூணு போக இந்த ஊரே சேந்து அவனுக்கு ஆறுதான் போட்டுச்சான்னு வெக்கமாப் போச்சு. அவன் லீவுல வந்தப்பக்கூடப் போயிப் பாக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?”

“நான் ஒனக்குத்தான் போட்டேன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே?”

“எப்படிச் சொல்றது? ஜெயிச்சவன் வந்து தோத்தவன்கிட்ட, நான் ஒனக்குத்தாண்டா போட்டேன்னு சொன்னா அது ஆறுதல் சொன்ன மாதிரி ஆகிப்போகாதா? அவன் அதத் தாங்கமாட்டான்.”

ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு அம்மா, “ஏப்பா, ஆசுபத்திரிக்கு நேரமாகுது, ஒம் பஞ்சாயத்த வந்து வச்சுக்கிறக் கூடாதா?” என்று கத்தினார். தவசி அண்ணன் துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, “பெரிய படம் அவனுக்கே போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். பயத்தில் நான் வாயை மூடிக்கொண்டதில் ஒரு பெயர் மாறிப்போனது என்று மட்டுமே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த இரண்டு பேரை, கமால் அண்ணன் பத்து மைல் தூரத்துக்குள் வந்த பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆக்கிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்குள் போய் அழுதேன்.

குரூப்பில் பையன்கள் மறு ஓட்டு வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எங்கே வைப்பது? கண்மாய் முழுக்க இன்று சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. பள்ளத்து கோல் எது, மேட்டு கோல் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. டீம் கடைசியாக எப்போது ஆடியது என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை, ஒரு வருஷம் நத்தைக்கூடு பொறுக்க ஆள் சேரவில்லை, அத்தோடு நின்றுவிட்டது. கரையில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பாதி திருப்பூரிலும் சென்னையிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரையிலிருந்து கமால் அண்ணனின் ஆட்டத்தைப் பார்த்து, அவர் எதைப் பார்த்து நடந்தார் என்றும் புரிந்துகொண்டு, இன்னும் கண்ணும் நினைவும் சரியாக இருக்கிற ஆள் என்று தேடினால் என்னைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. எனவே தீர்ப்பு என்னுடையதுதான். முதலிடம் கமால். இதைப் படித்துவிட்டு யாராவது வழக்குப் பேச வந்தால் கடைக்கு வரட்டும், தைத்துக்கொண்டே பதில் சொல்வேன்.

ஆனால் பிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. கமால் அண்ணன் சவூதியிலிருந்து திரும்பி வந்து அத்தாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரியும். வீரசோழனிலிருந்து துணி தைக்க வரும் ஒரு பெண்ணிடம் நம்பர் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் கூப்பிட்டேன்.

“அண்ணே, நான் பேச்சி. ஆடு மேய்ச்ச பேச்சி.”

“அட! மேட்டு கோலுக்கு மட்டும் கை தட்டுற பிள்ளையா?”

 செவலை கதையைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். போனில் ஒரே சிரிப்பு. “யாத்தே, ஆடா? நான் ஊரு போடலன்னுல்ல நெனச்சுக்கிட்டு ஏரோப்பிளேன் ஏறுனேன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. பிளெக்ஸில் பெரிய படம் அவருக்குத்தான் என்று சொன்னேன். “எனக்கெதுக்கும்மா படம்? கெழவன் மூஞ்சிய எவன் பாக்கப்போறான்? தவசிக்கே போடுங்க” என்றார்.

“தவசியண்ணன்தான் ஒங்களுக்குப் போடச் சொன்னாக. அவுக அன்னைக்கும் ஒங்களுக்குத்தான் போட்டாகளாம். அந்த ஒம்போதுல மூணு அவுக போட்டது.”

  

“யாரு போட்டா?”

“தவசியண்ணன்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தாண்ணே. மூணும் ஒங்களுக்கு.”

கடைக்கு யாரோ வந்து விலை கேட்பது கேட்டது. அவர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

“இன்னொருக்கா சொல்லும்மா,” என்றார்.

சொன்னேன்.